காற்றை அளப்பவர் யாருக்காக அளக்கின்றனர்?



"காற்றாலை வந்தது, மழை போயிற்று" என்னும் பேச்சு, மழை பொய்க்கும் ஆண்டெல்லாம் நம் சிற்றூர்களில் எழுகின்றது. அது பிழையான பேச்சு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசி முதல் ஆவணி வரை வீசும் கோடைக் காற்றில்தான் உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகள் மிகுதியாகச் சுழல்கின்றன. திண்டுக்கல் சமவெளிக்குப் பெருமழை தருவதோ ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகீழ்ப் பருவக்காற்று. சுழலியின் உச்சி இருநூறு மீட்டரைத் தொட்டாலும் மழைமுகில் அதற்குப் பன்மடங்கு மேலே நிற்கின்றது. முகிலை விரட்டும் விசிறியை எவனும் இன்னும் செய்யவில்லை! பொய்யைக் கையிற் பிடித்துப் போரிட்டால் முதலாளி நகைத்துவிட்டுப் போவான்.

ஆனால், அவன் மறைக்கும் மெய் ஒன்றுண்டு. இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கிடக்கும். அதற்கு மேலே வெப்பக்காற்று நிற்கும். சுழலும் அலகுகள் இரண்டையும் கலக்கி வெப்பத்தைக் கீழே இறக்குகின்றன. அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்தில் 2003 முதல் 2011 வரை செயற்கைக்கோள் வழி அளந்தனர். காற்றாலைப் பரப்பின் நிலம், அண்டைநிலத்தைவிடப் பத்தாண்டுக்கு 0.72 பாகை செல்சியசு என்னும் அளவுவரை, பெரிதும் இரவில், வெப்பம் ஏறக் கண்டு 2012-இல் வெளியிட்டனர். இரவுப் பனியை நம்பும் மானாவாரிப் பயிருக்கும் நிலக்கோட்டை மல்லிகைக்கும் இது என்ன செய்யும்? தெக்சாசின் கணக்கு நம் மண்ணுக்கு விடையாகாது. இங்கேதான் அளக்கவேண்டும்.

அளப்பவர் யார்? வானிலைத் துறை தில்லியின் கையில். காற்றாற்றல் நிறுவனமோ சென்னைப் பள்ளிக்கரணையிலேயே இருக்கின்றது. எங்கே காற்று மிகுதி என்று முதலாளிக்குக் காட்டும் வரைபடமும் அதனிடம் உண்டு. உழவனுக்குக் காட்ட என்ன உண்டு?

பேகம்பூர்க்காரனுக்கு இது புதிதன்று. தோல் பதனிடும் ஆலைகள் திண்டுக்கல்லைச் சுற்றிய கிணறுகளை உப்பாக்கிய பின்னரே, 1996-இல் உச்ச நயன்மன்றத் தீர்ப்பு வந்தது. ஆலைக்குப் பத்தாயிரம் உருபா தண்டம்! இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம்! கணக்கு வந்தது, கிணறு இனித்ததா?

காற்றாலை வேண்டாவென்று நாம் கூறவில்லை. 1986-இல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் தொடங்கிய இவ்வாற்றல் இன்று தமிழகத்தில் பத்தாயிரம் மெகாவாட்டைக் கடந்துவிட்டது. புகையில்லா மின்னாற்றல் நமக்கும் வேண்டும். தூண் நடுமுன் ஓராண்டும் நட்டபின் ஈராண்டும், ஆலைப் பரப்பின் உள்ளும் புறமும், இரவு வெப்பத்தையும் மண்ணின் ஈரத்தையும் தமிழக அரசே அளக்கட்டும். அவ்வளவைத் தமிழில் எழுதி ஊராட்சிச் சுவரில் ஒட்டட்டும். அதன் பின்னர் நிலம் கேட்டு வரட்டும்!