வயலை வாங்கிய தீர்க்கதரிசி

ஈப்போவைச் சுற்றியுள்ள தமிழ்த் திருச்சபைகளில் ஞாயிறுதோறும் அமர்ந்திருப்போரில் பலர் தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பத்தினர். பால்மரம் வெட்டுண்ட இடத்தில் செம்பனை எழுந்தது. செம்பனையும் சாய்ந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. வேலை போனபோது லயத்து வீடும் உடன் போயிற்று. அவ்வீடு வேலையோடு ஒட்டியது. மூன்று தலைமுறை உழைத்தவனுக்கும் அது உரியதன்று. இத்தகைய மக்களின் முன் நின்று, நாளையைப் பற்றி எண்ணுவதே அவிசுவாசம் எனப் போதிப்போர் இன்றும் உளர். மலைப்பிரசங்கத்துப் பறவைகளை அவர்கள் எடுத்துக் காட்டுகின்றனர். பறவை விடியுமுன்னே இரைதேடப் புறப்படுவதையும், முட்டையிடுமுன் கூடு கட்டுவதையும் மட்டும் காட்டுவதில்லை.

இது விசுவாசமா? விசுவாசத்தின் அங்கியைப் போர்த்திக்கொண்ட சோம்பல் அன்றோ!

திருமறையில் எரேமியாவின் வரலாறு உண்டு. பாபிலோனியப் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்தது. நகரம் வீழும் என்று உரைத்த குற்றத்துக்காக எரேமியா காவலில் இருந்தார். அவ்வேளையில் அவருடைய பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளுமாறு கேட்டான். பகைவன் காலடியில் கிடக்கும் நிலத்தை எவன் வாங்குவான்? எரேமியா வாங்கினார். பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார், சாட்சிகளை வைத்தார், பத்திரத்துக்கு முத்திரையிட்டார், அது நெடுநாள் அழியாதிருக்க மண்பாண்டத்தில் வைக்குமாறு பாருக்கிடம் பணித்தார். கடவுள் தம் மக்களை மீண்டும் அம்மண்ணில் வாழவைப்பார் என்ற நம்பிக்கை, அங்கே கிரயப் பத்திரமாக வடிவெடுத்தது. நம் போதகர்கள் இவ்வதிகாரத்தை ஏனோ அதிகம் தொடுவதில்லை!

பேராக் மண்ணுக்கு இது புதியதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுக் குரு, தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைப் பாகான் செராயில் குடியமர்த்தி, உழுது பிழைக்க வழி செய்தார். 1896இல் மலாக்கா ஆயரானவர் அவரே. பூசை வைப்பதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை.

பிற்காலத்தில் அந்த விசுவாசத்தைச் செயலில் காட்டியவர் ஒரு கிறிஸ்தவர் அல்லர் என்பது சபையார் நாணத்தோடு நினைக்கவேண்டிய செய்தி. 1950களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டந்தோட்டமாகச் சென்று, பால்வெட்டுத் தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். எரேமியாவின் வெள்ளியும் இந்நாட்டார் வெள்ளி என வழங்கும் பணமும் பெயரளவில் மட்டும் ஒன்றல்ல, நோக்கத்திலும் ஒன்றே. அச்சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காக்க இயலவில்லை. ஆயினும் கைகட்டி நின்றோர் காத்தது எதனை?

மண்ணும் பத்திரமும் உலகக் காரியம், சபைக்கு ஆன்மாவே பொறுப்பு எனச் சிலர் மறுப்பர். அந்த ஆன்மா குடியிருக்கும் உடலை 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விட்டுவைத்ததா? குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோது, பல்லாயிரம் தமிழர் கப்பலேறினர். மனுப் பாரம் பூர்த்தி செய்யத் தெரியாதவனுக்கு அன்று தேவைப்பட்டது, ஜெபத்தோடு கூட ஒரு பேனாவும் பக்கத்தில் அமர ஓர் ஆளும்.

இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு மூப்படைந்தோர் உளர். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் உளர். சேமநிதிக்கு வாரிசுப் பெயர் பதியாமலே மறைந்தோரின் விதவைகள், அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகின்றனர். வீடுசந்திக்கும் ஊழியர் அத்தகைய வீடுகளில் சங்கீதம் வாசிக்கிறார், ஜெபிக்கிறார், தேநீர் அருந்தி எழுகிறார். கட்டிலுக்கடியில் அந்த மூதாட்டி வைத்திருக்கும் பிஸ்கட் டின்னைத் திறந்து, அதில் என்னென்ன தாள்கள் உள்ளன, என்னென்ன இல்லை என்று அவர் ஒருமுறையேனும் பார்த்ததுண்டா?