கடிகாரத்துக்குச் சாவி

கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது, "தம்பிக்கு என்ன உத்தியோகம்?" என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். "வெப் டெவலப்பர்" என்று சொல்ல வேண்டியதுதான் தாமதம், கேட்டவர் சட்டைப் பையிலிருந்து தம் செல்போனை எடுத்து, "இதில் ஒரு வாரமாகச் சத்தமே வரவில்லை, கொஞ்சம் பாருப்பா" என்று நீட்டிவிடுவார். இணையத்தில் பக்கம் கட்டுகிறவனுக்கும் செல்போன் ரிப்பேர் செய்கிறவனுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது பந்தியும் எழுந்துவிடும்.

அது உத்தியோகம். பைத்தியம் வேறு இருக்கிறது. அதன் பெயர் வீடியோ. காலையில் காப்பி குடித்துக்கொண்டே, நான் கட்டிய பக்கங்கள் ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். "குழந்தைகளுக்கு ஜுரம் ஒன்றும் இல்லையே?" என்பாள் என் மனைவி. சாயங்காலமானால் காமிராவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். துணி காய்வது, எதிர் வீட்டு வாசலில் இஸ்திரிக்காரர் கரியை விசிறுவது, காக்கை வடகம் திருடுவது எல்லாம் என் படங்களில் உண்டு. "வடகத்தைக் காக்கை கொண்டு போகிறது, நீங்கள் படம் பிடித்துக்கொண்டா நிற்கிறீர்கள்!" என்று அவள் போட்ட கூச்சலும் அதில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

எனக்கு ஓர் ஆறுதல். 2005 ஏப்ரல் 23-ஆம் தேதி யூடியூபில் ஏறிய முதல் படம் வெறும் 19 விநாடிதான். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், அமெரிக்காவில் ஸான் டியேகோ மிருகக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று, அவற்றின் துதிக்கை ரொம்ப நீளம் என்கிறார். அவ்வளவுதான் கதை! என் காக்கை எந்த விதத்தில் குறைந்துவிட்டது?

படம் பிடிப்பது சுலபம். அதை அனுப்புவதுதான் வித்தை. இக்காலத்துப் படங்கள் பலவற்றில், ஒவ்வொன்றிலும் 1920 வரிசை, 1080 அடுக்காக, இருபது லட்சத்துக்கு மேல் புள்ளிகள் இருக்கின்றன. விநாடிக்கு 25 படம். உள்ளது உள்ளபடி எழுதி வைத்தால் ஒரு விநாடிக்கே பதினைந்து கோடி பைட்டுக்கு மேல் ஆகும். அதனால் ஒரு தந்திரம் செய்கிறார்கள். முதல் படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்ததில், "எல்லாம் முன்போலவே, காக்கை மட்டும் கொஞ்சம் நகர்ந்தது" என்று மாறுதலை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து வரும் கடிதத்தில், "இங்கு எல்லோரும் சௌக்கியம், பசு மட்டும் கன்று போட்டது" என்று எழுதுவார்களே, அந்த மாதிரி.

இவ்வளவு தெரிந்த நான் அம்மாவிடம் அசடு வழிந்த கதைக்கு வருகிறேன்.

2009-இல் புதுக் காமிரா வாங்கினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. அப்பா வழக்கம்போல் முக்காலியில் ஏறிக் கூடத்துச் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். காமிராவைச் சோதிப்பதற்காக மூன்று நிமிஷம் பிடித்தேன். அதை ஒரு பக்கத்தில் ஏற்றி எல்லோருக்கும் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். அந்த நாளில் இணையப் பக்கத்தில் படம் ஓட வேண்டுமானால் பெரும்பாலும் 'ஃபிளாஷ்' என்ற துணைக் கருவி வேண்டும்.

2015-இல் அப்பா காலமானார். 2021-இல் அவருடைய திதியன்று, "அந்தக் கடிகாரப் படத்தைப் போடுடா" என்றாள் அம்மா. பக்கத்தைத் திறந்தேன். அப்பா இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் இருந்தது.

ஃபிளாஷின் ஆயுள் 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. 2017-லேயே அறிவித்திருந்தார்கள். ஊரார் பக்கங்களையெல்லாம் புது முறைக்கு மாற்றிக் கொடுத்துக் கூலியும் வாங்கியவன், என் வீட்டுப் பக்கத்தை மறந்துவிட்டேன். பரணில் ஏறி அசல் படம் இருந்த தட்டைத் தேடி எடுத்தேன். அதைக் கம்ப்யூட்டர் படிக்க மறுத்துவிட்டது.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"கிராமபோன் உடைந்துவிட்டது, அம்மா. நான் ஏற்றி வைத்த இசைத்தட்டு மட்டும் அங்கே இருக்கிறது."

"தட்டு இருக்கிறதோன்னோ? அப்போ வேறே கிராமபோன் பார்!"

எனக்குப் பொறி தட்டியது. கோப்பு அங்கேதான் இருந்தது. ஓட்டுகிற கருவிதான் போயிருந்தது. 'எஃப்எஃப்எம்பெக்' என்று ஓர் இலவச மென்பொருள் உண்டு. 2000-இல் ஃபேப்ரீஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்து வைத்தது. பழைய கோப்பை அதில் கொடுத்தேன். ஒரு நிமிஷத்திற்குள் இன்றைய முறைக்கு மாற்றித் தந்துவிட்டது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். தபாலட்டை அளவில் மங்கலாக அப்பா தெரிந்தார். மின்விசிறி இரைச்சலில் அவர் பேசுவதே கேட்கவில்லை. புதிதாகப் படம் பிடிக்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: படம் மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம், குரல் போனால் போனதுதான். கடைசியில் அவர் காமிராவின் பக்கத்தில் வந்தார். அப்போதுதான் வார்த்தைகள் புரிந்தன. "கடிகாரத்தைப் பிடித்தது போதும். அம்மாவைக் கூப்பிடு, அவளையும் பிடி."

அத்தோடு படம் நின்றுவிட்டது. நான்தான் நிறுத்தியிருக்கிறேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "என்னைக் கூப்பிடவே இல்லையேடா நீ" என்றாள். நான் என்ன பதில் சொல்ல?

"சரி, இப்போ பிடி" என்று எழுந்து கூடத்துக்குப் போனாள். ஆறு வருஷமாக நின்றிருந்த கடிகாரம். முக்காலியில் ஏற வேண்டாம் என்று நான் கெஞ்சியதால், கடிகாரத்தை இறக்கி அவள் மடியில் வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். மைக்கை அவள் புடவைத் தலைப்பில் மாட்டினேன். அம்மா சாவி கொடுத்தாள். ஒவ்வொரு முறுக்கும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

அதை மூன்று பிரதி எடுத்து, ஒன்றைத் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு முறை, திதியன்று, மூன்றும் ஓடுகின்றனவா என்று பார்த்துவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய தட்டு ஏதாவது கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாருங்களேன்.