நஞ்சன்று, கொடை

'கிஃப்ட்' என்னும் சிறு சொல் நம் இலக்கியக் கட்டுரையாளர்களிடம் படும் பாடு கொஞ்சமன்று. ஆங்கிலத்தில் பரிசு; ஜெர்மனில் நஞ்சு; ஸ்வீடிஷிலோ நஞ்சு என்பதோடு 'மணமான' என்றும் பொருள். ஆகவே திருமணம் நஞ்சென்று ஐரோப்பியர் அன்றே அறிந்திருந்தனர் என்பது மேடை நகைச்சுவை. கைதட்டல் உறுதி. (மணமான ஆடவர் சற்றுக் கூடுதலாகவே தட்டுவர்.) மறுக்க வருவோரோ, எழுத்து ஒத்திருப்பது தற்செயல், இதில் ஆராய ஏதுமில்லை என்று கைகழுவி விடுகின்றனர். இரு சாராரும் அகராதியைத் திறந்து பார்க்கவில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

மூன்று பொருளுக்கும் வேர் ஒன்றே: கொடுத்தல். ஜெர்மனிலும் இச்சொல் முன்பு கொடையைத்தான் குறித்தது. சீதனத்தைக் குறிக்கும் 'மிட்கிஃப்ட்' என்னும் சொல்லில் அப்பழம்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. பின் அது நஞ்சானது எவ்வாறு? கிரேக்க 'டோசிஸ்' என்பதற்கும் கொடுத்தல் என்றே பொருள். மருத்துவர் கொடுக்கும் மருந்தின் அளவுக்கு அது பெயராயிற்று. நாம் 'டோஸ்' என்பது அதுவே. இலத்தீன் வழி வந்த அச்சொல்லின் மொழிபெயர்ப்பாகவே 'கிஃப்ட்' நஞ்சைக் குறிக்கத் தொடங்கியது என்பது சொல்லாய்வாளர் பலரும் ஏற்ற விளக்கம். நஞ்சு என்னாமல் 'கொடுத்தது' என்பது. நம் இலக்கணத்தார் இதனை மங்கல வழக்கில் சேர்த்திருப்பர்.

ஸ்வீடிஷின் கதை வேறு. 'மணமான' என்னும் பொருள் அங்கே சொந்தச் சரக்கு. நஞ்சு என்னும் பொருள் மத்திய காலத்தில் கீழ்ஜெர்மன் மொழியிலிருந்து பெற்ற இரவல். ஐஸ்லாந்து மொழியைப் பார்த்தால் இது விளங்கும். அங்கே மணமானவன் 'கிஃப்தூர்'. நஞ்சோ 'எய்தூர்' என்னும் வேறொரு சொல். ஸ்வீடன் மக்கள் கலியாணத்தையும் நஞ்சையும் அனுபவத்தால் ஒன்றாக்கினர் என்பது கட்டுக்கதை. (அவர்கள் அச்சொல்லை 'யிஃப்ட்' என்று ஒலிப்பர் என்பதையும் நம் பேச்சாளர்கள் அறிந்ததாகத் தெரியவில்லை.)

சற்றுக் கனமான கட்டுரைகள் மார்செல் மோஸை இழுத்து வந்து, பரிசெல்லாம் நஞ்சே என்று முடிக்கும். மோஸ் 1924-இல் இச்சொல்லைப் பற்றித் தனிக்கட்டுரையே எழுதியவர்தாம். ஆனால் அவர் 'டோசிஸ்' விளக்கத்தை அறிந்தவர். அறிந்தே, அதை மொழிபெயர்க்க இந்தச் சொல்லைத் தேர்ந்தது ஏன் என்று மேலும் வினவினார். நம்மவர் வினாவை விட்டுவிட்டு விடையை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இவையெல்லாம் அறியாமை என்று பொறுத்துக்கொள்ளலாம். அந்த நகைச்சுவை மறைப்பதைத்தான் நம்மால் பொறுக்க இயலவில்லை. மணத்தைக் குறிக்கக் 'கொடுத்தல்' என்னும் சொல் ஏன் வந்தது? கொடுக்கப்பட்டவள் பெண். பழைய ஆங்கிலத்தில் இதே சொல், மனைவியைப் பெறுவதற்கு ஈடாகத் தரும் பொருளைக் குறித்தது. ஸ்வீடனின் 1734-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு திருமணப் பகுதியோடு தொடங்குகிறது. அதில் 'யிஃப்தொமான்' என்றொருவர் வருகிறார். பெண்ணை மணம் செய்து கொடுக்கும் உரிமை உடையவர், பெரும்பாலும் தந்தை. கொடுப்பவர் ஆண், கொள்பவர் ஆண், கைமாறுபவள் பெண். நஞ்சுண்டவன்போல் மேடையில் முகம் சுளிக்கும் கணவர் இக்கணக்கில் கொடுக்கப்பட்டவர் அல்லர், பெற்றுக்கொண்டவர்.

ஐரோப்பாவைப் பார்த்துச் சிரிக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. 'டோசிஸ்' எந்த வேரிலிருந்து கிளைத்ததோ, அதே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்ததுதான் வடமொழியின் 'தானம்'. கன்னிகாதானத்தில் இருக்கும் அதே தானம். வடசொல்லின்மேல் பழியைப் போட்டுத் தமிழர் தப்பவும் வழியில்லை. மகட்கொடை நம் சொந்தச் சொல். கற்பு மணத்தை வரையறுக்கும் தொல்காப்பியர் கொடுப்போரை வைத்தே வரையறுக்கிறார். 'பெண் கொடுத்த வீடு' என்று நாம் இன்றும் கூசாமல் பேசுகிறோம்.

அடுத்த முறை அந்த நகைச்சுவையைச் சொல்ல எழுபவர், மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் சடங்கைப் பற்றியும் இரண்டு சொல் சொல்லட்டும். கைதட்டல் அதே அளவில் எழுகிறதா என்று நாம் கடைசி வரிசையிலிருந்து பார்த்துக்கொள்கிறோம்.