வட்டிக்கு ஏன் பல முகம்?

(இளம் அறிவியல், கணிதம் - இரண்டாம் ஆண்டு)

பணம் ஒன்றுதான், அதற்குக் கேட்கும் வட்டி மட்டும் ஆளுக்கொன்று. உழவர் கடன் அட்டையில் பயிர்க்கடன் பெற்றுத் தவணை தவறாமல் அடைப்பவருக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு. பொருள் வாங்கும் கடன் அட்டையில் பாக்கி வைப்பவருக்கோ அது 40 விழுக்காட்டையும் தாண்டக்கூடும். இரண்டும் அட்டைகளே! பின் ஏன் இந்த மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு?

உழவர் அட்டையில் வட்டியின் ஒரு பங்கை அரசு மானியமாக ஏற்கிறது. மற்ற அட்டைகளுக்கு அந்தக் கை இல்லை. அங்கே முதற் காரணம், கடன் கொடுப்பவருக்குப் பணம் கிடைக்கும் விலை. மக்களின் சேமிப்பைப் பெறும் வங்கிக்கு அது மலிவு. பிறரிடம் கடன் வாங்கிக் கடன் கொடுக்கும் நிதி நிறுவனத்திற்கு அது கூடுதல். இரண்டாவது, ஈடு. நகைக் கடனில் நகை இருக்கிறது. கடன் அட்டைக்கு நம் கையொப்பமே ஈடு. திருப்பித் தராதவரால் வரும் இழப்பையும் திருப்பித் தருபவரின் வட்டியில்தான் ஏற்றுகிறார்கள்.

மூன்றாவது, நம் நாணயத்திற்குப் போடும் மதிப்பெண். 'சிபில்' மதிப்பெண் 300 முதல் 900 வரை. இங்கேதான் என் மனம் உறுத்துகிறது. கைமாற்று வாங்கிச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்த நம் பெற்றோரின் நாணயம் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஆகவே, முதன்முதலாக வங்கிப் படியேறும் நாம் முகவரியற்றவர்களாய் நிற்கிறோம்.

சட்டம் தடுக்காதா என்று கேட்கலாம். 30 விழுக்காட்டுக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது.

இழப்புக்கு அஞ்சிக் கூடுதல் வட்டி கேட்பதை ஒப்புக்கொள்ளலாம். அதை மாதக் கணக்கில் சிறிதாக்கிக் காட்டுவதை எப்படி ஒப்புவது? ஊரில் 'மூன்றரை வட்டி' என்றால் முகம் சுளிக்கிறோம். 'மாதம் 3.5 விழுக்காடு' என்று வழவழப்பான தாளில் அச்சிட்டால் தலையாட்டுகிறோம். ஆண்டுக்கு அது 42 விழுக்காடு! 10,000 ரூபாய் பாக்கிக்கு அசலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்டினால் ஓராண்டில் 4,200 ரூபாய்; அந்த வட்டியின்மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி சேர்ந்து 4,956 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுபவருக்கோ பொருள் வாங்கியதற்கு வட்டியே இல்லை. 'குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும்' என்ற வரியை நம்புபவர்தான் சிக்குகிறார்.

நண்பர்களே! கூட்டு வட்டிச் சூத்திரத்தைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதுகிறோம். வேலை கிடைத்த முதல் மாதமே நம்மைத் தேடிவரும் விண்ணப்பத்தைப் படிக்கத் தெரியவில்லை. ஆண்டு வட்டி எவ்வளவு, எந்த நாளிலிருந்து கணக்கு, தவறினால் தண்டம் என்ன? இம்மூன்றையும் கேட்காமல் கையொப்பமிடலாகாது. பேராசிரியப் பெருமக்கள் ஆண்டுக்கு ஒரு வகுப்பையேனும் இதற்கு ஒதுக்க வேண்டுகிறேன். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத நமக்குக் கல்லூரிதானே சொல்ல வேண்டும்?