முற்றத்தில் நிற்கும் ஜீப்



கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் விவசாயி. கை வேலையும் தெரிந்தவர். மாரி தொடங்கினால் அவர்களுடைய வயல்வட்டைப் பாதையில் உழவு இயந்திரம் தவிர வேறெதுவும் போகாது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, ஓடுகிற வாகனங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது, அவர் ஒரு பழைய ஜீப்பின் செஸியையும் எஞ்ஜினையும் வாங்கி வந்தார். நான்கு சில்லும் இழுக்கிற வண்டியொன்றைத் தன் கையாலேயே கட்டி, உரமும் விதைநெல்லும் ஏற்றிப் போவது அவருடைய எண்ணம். மனைவி தன்னுடைய இரண்டு தங்கக் காப்புகளைக் கழற்றிக் கொடுத்தார். “வண்டி ஓடியதும் திருப்பித் தருவேன்” என்றார் கணவர்.

முதல் வருடம் இரவு பகலாக வேலை நடந்தது. 2022க்குப் பிறகு ஒரு ஆணியும் முடுக்கப்படவில்லை. இப்போது ஜீப் தறப்பாளின் கீழே நிற்கிறது. கோழி அதற்குள் முட்டையிடுகிறது. “அதைப் பற்றி வாய் திறந்தால் வீட்டில் சண்டை வருகிறது. என் கணவர் சோம்பேறியாகிவிட்டாரா? நான் என்ன செய்ய வேண்டும்?” என்று சகோதரி கேட்கிறார்.

நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி கேட்டுவந்த ஒரு துஆ புஹாரியில் பதிவாகியுள்ளது. அதில் அன்னார் இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். ‘அஜ்ஸ்’ என்பது இயலாமை, ‘கஸல்’ என்பது சோம்பல். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டிலும் வேலை நடப்பதில்லை. ஆனால் இரண்டும் வேறு நோய்கள் என்பதனால்தான் தனித்தனியே சொல்லப்பட்டன. அதே துஆவில் கவலையும் துக்கமும் கடன் சுமையும் கூடவே வருகின்றன என்பதையும் கவனியுங்கள். ஒரு மனிதனை இவை கூட்டமாக வந்தே பிடிக்கின்றன.

அந்தக் கணவரின் வருடங்களை எண்ணிப் பாருங்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் விழுந்தது. 2022இல், சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் 360 ரூபாவைத் தாண்டியது. உதிரிப்பாகங்களின் விலை அதோடு சேர்ந்து ஏறியது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். இப்படிப்பட்ட நேரத்தில் கையிலிருந்த சாவியை ஒருவர் கீழே வைத்தார் என்றால், அவரைச் சோம்பேறி என்று உடனே சொல்லிவிடலாமா?

வேலையின் தன்மையும் ஒரு காரணம். பழைய வண்டியொன்றைக் கழற்ற இரண்டு நாள் போதும். பூட்டுவதற்கு வருடம் வேண்டும். செஸியின் கறளைச் சுரண்டிப் பெயின்ட் பூசும்போது பார்ப்பவரெல்லாம் பாராட்டுவார்கள். பிரேக் குழாய் பொருத்துவதும், வயரிங் இழுப்பதும், கியர்ப் பெட்டியில் எண்ணெய் கசியாமல் சீல் மாற்றுவதும் யார் கண்ணிலும் படாத வேலைகள். நாள் முழுக்கச் செய்தாலும் வண்டி நேற்றுப் போலவே நிற்கும். அரைவாசியில் நிற்கும் வேலைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கின்றன. சட்டையை வெட்டித் தைத்துவிட்டு, பொத்தான் துளைக்காக மாதக்கணக்கில் மடித்து வைக்கும் நமக்கு இது விளங்காத விடயமல்ல.

இன்னொன்று வெட்கம். “இந்த ஜீப் எப்போது ஓடும்?” என்று தெருவில் போகிறவர் சிரித்துக்கொண்டு கேட்பார். நூஹ் (அலை) அவர்கள் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தபோது கடந்துபோன தலைவர்களெல்லாம் பரிகசித்தார்கள் என்று ஸூரா ஹூத் கூறுகிறது. வஹியைக் கொண்டு வழிநடத்தப்பட்ட நபி அதைத் தாங்கினார்கள். சாதாரண மனிதர் தெருவின் சிரிப்பைத் தாங்குவதே கஷ்டம். அதே சிரிப்பு வீட்டுக்குள்ளும் கேட்டால் தறப்பாளை விலக்க அவருக்கு மனம் வராது. ஆகவே பிள்ளைகளுக்கு முன்னால் அதைப் ‘பழைய இரும்பு’ என்று சொல்லாதீர்கள். உங்கள் காக்காவின் வாகனத்தோடு ஒப்பிட்டும் பேசாதீர்கள்.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. இங்கே மார்க்கத்தின் அளவுகோலைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

தொடங்கிய வேலையை விடுவது எல்லா இடத்திலும் குற்றமாகாது. நமது ஷாபிஈ மத்ஹபில் ஸுன்னத்தான நோன்பை வைத்தவர் இடையில் விட்டாலும் பாவமில்லை. ஹஜ்ஜையும் உம்றாவையும் தொடங்கினால் மட்டும், அவை ஸுன்னத்தாக இருந்தாலும், முடித்தே ஆக வேண்டும். வணக்கத்திலேயே இவ்வளவு இடம் இருக்கும்போது ஒரு ஜீப்பைக் கட்டி முடிக்காதது பாவம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஜீப்போடு இரண்டு விடயங்கள் பிணைந்திருக்கின்றன. ஒன்று அவருடைய வாக்கு, மற்றது உங்களுடைய காப்பு. உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்று ஸூரா நஹ்லின் 92ஆவது வசனம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை கொடுத்த வாக்கை முறிப்பவர்களைப் பற்றியது. பெண்ணின் நகை பெண்ணின் சொத்து. அவள் மனமுவந்து அன்பளிப்பாகக் கொடுத்தாலன்றி அது கணவனுக்குச் சொந்தமாகாது; திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கியது கடன். வேலையை விடலாம், கடனை விட முடியாது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு நான் சொல்வது இதுதான். ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு, பிள்ளைகள் உறங்கியதும், ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவரோடு அமருங்கள். “ஏன் முடிக்கவில்லை?” என்று கேட்காமல், “இன்னும் நமக்கு அது தேவையா?” என்று கேளுங்கள்.

லேண்ட் ரோவர் என்ற புகழ்பெற்ற வண்டி பிறந்ததும் ஒரு தேவையிலிருந்துதான். ரோவர் கம்பனியின் பொறியியல் பொறுப்பாளர் மொரிஸ் வில்க்ஸ் வேல்ஸிலுள்ள தனது தோட்டத்தில், யுத்தத்தில் பாவித்த ஒரு பழைய ஜீப்பை ஓட்டி வந்தார். அதற்குப் பதிலாக ஒன்று செய்யலாமே என்று 1947இல் எண்ணினார். முதல் மாதிரியை ஒரு ஜீப்பின் செஸியின் மேலேயே கட்டினார்கள். நடுவில் வைத்துப் பார்த்த ஸ்டியரிங்கைப் பின்னர் கைவிட்டார்கள். உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்ததனால் அலுமினியத் தகட்டால், அதிக வளைவு நெளிவு இல்லாமல் உடலைச் செய்தார்கள். 1948இல் வண்டி அம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்துவிட்டது. தேவைக்குப் போதுமானதைச் செய்து, மற்றதை விட்டார்கள். உங்கள் வீட்டு ஜீப்புக்கும் வானொலியும் மெத்தை ஆசனமும் பிறகு வரட்டும்; உரமூடையை ஏற்றிக்கொண்டு பாதுகாப்பாக நின்று போனால் போதும்.

தேவை இருக்கிறது என்றால், மிச்ச வேலைகளையும் ஒவ்வொன்றின் செலவையும் எழுதுங்கள். வண்டிக்குப் பதிவுப் புத்தகம் இருக்கிறதா, எஞ்ஜினை மாற்றியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைத் திருத்த முடியுமா என்பதை முதலில் பாருங்கள். அது முடியாவிட்டால் மற்றச் செலவெல்லாம் வீண். கழற்றிய ஆணிகளைத் தகர டப்பாக்களில் பிரித்துப் பெயர் ஒட்டுவதை நீங்களும் பிள்ளைகளும் செய்யலாம். எஞ்ஜினுக்குள் எண்ணெய் விட்டு அடிக்கடி கையால் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். அசையாமல் நின்றால் பிஸ்டன் இறுகிவிடும். பிறகு, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமானது என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை நினைவில் வைத்து, வாரத்தில் ஒரு வேலை என்று தொடங்கட்டும்.

தேவை இல்லை, அல்லது பணம் இல்லை என்றால், இப்போதே விற்றுவிடுங்கள். ஒவ்வொரு மாரியும் அதன் விலையில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். வாங்குபவரிடம் குறைகளை மறைக்க வேண்டாம். மறைத்து விற்பது ஹலாலாகாது. வருகிற பணத்தில் முதலில் காப்பின் கணக்கைத் தீருங்கள். 2020க்குப் பிறகு பவுனின் விலை வெகுவாக ஏறிவிட்டது. தங்கமாகக் கடன் கொடுத்திருந்தால் தங்கமாகவும், நீங்களே விற்றுப் பணமாகக் கொடுத்திருந்தால் பணமாகவும் திருப்புவதே அடிப்படை. இதில் சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் இருவரும் சேர்ந்தே போங்கள். உடனே தர முடியாவிட்டால், ஸூரா பகராவின் 282ஆவது வசனம் கூறுவதுபோல் தவணை குறித்து எழுதிக்கொள்ளுங்கள். கணவன் மனைவிக்குள் எழுத்தா என்று வெட்கப்பட வேண்டாம். எழுதாத கடன்தான் பின்னர் ஒவ்வொரு சண்டையிலும் தலைகாட்டுகிறது.

முடிப்பதோ விற்பதோ, இரண்டில் எதுவானாலும் அன்றிரவே ஒரு திகதியைக் கொப்பியில் குறியுங்கள். குறித்த பிறகு, அந்தத் திகதி வரும்வரை ஜீப்பைப் பற்றி அவரிடம் கேட்காமல் இருங்கள். அந்த நாட்களில் இயலாமைக்கும் சோம்பலுக்கும் பாதுகாப்புத் தேடும் துஆவை இருவருமாக ஓதி வாருங்கள்.

வஸ்ஸலாம்.