கிளைவுக்கு இரண்டு மாளிகைகள்: மஞ்சக்குப்பம் வீட்டின் கதையை நாம எப்போ சொல்வோம்?

புதுச்சேரியிலிருந்து சிதம்பரம், பிச்சாவரம் என்று கிளம்பும் வீக்எண்ட் பயணத்தில் கடலூர் பெரும்பாலும் டீ குடிக்க நிற்கும் ஊர், அவ்வளவுதான். ஆனா, ஆங்கிலேயர் ஆட்சி இங்கே எப்படி வேர் பிடித்தது என்பதற்கு இந்த ஊரில் ஒரு சாட்சி இருக்கு: மஞ்சக்குப்பம் ‘கார்டன் ஹவுஸ்’.

யார் வீடு இது?

1690இல் கிழக்கிந்தியக் கம்பெனி, தேவனாம்பட்டினம் கோட்டையை செஞ்சி மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. டீல் விநோதமானது. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எங்கே போய் விழுதோ, அதுவரை கம்பெனிக்குச் சொந்தம்! குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கு.

1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்ததும், 1752 வரை கம்பெனியின் தலைமையிடம் இந்தப் புனித டேவிட் கோட்டைதான். கணக்கெழுத வந்த ராபர்ட் கிளைவ், சென்னையிலிருந்து தப்பி வந்து ராணுவத்தில் சேர்ந்ததும் இங்கேதான். 1756இல் அவரே இதன் கவர்னர். கவர்னர்களின் தோட்ட வீடுதான் கார்டன் ஹவுஸ். பின்னாளில் தென்னார்க்காடு கலெக்டர் பங்களா.

இங்கிலாந்துப் பிரபுக்கள் ஊருக்கு வெளியே, தோட்டத்துக்கு நடுவே கட்டிக்கொண்ட மாளிகைகள்தான் இதற்கு மாடல். ஆனா கட்டியது நம்ம ஊர்க் கொத்தனார்கள். மரமும் இரும்பும் இல்லாமல், செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டுமே கொண்டு போட்ட கூரை என்பார்கள்.

அங்கே என்ன நடந்தது?

இந்தியாவில் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பிய கிளைவ், சர்ரே பகுதியில் கிளேர்மான்ட் எஸ்டேட்டை வாங்கினார். அங்கிருந்த பழைய மாளிகையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். ஆனா அதில் வாழக் கொடுத்துவைக்கவில்லை, 1774இல் இறந்துவிட்டார். இன்று அந்த மாளிகை ஒரு பள்ளிக்கூடம். தோட்டத்தை ‘நேஷனல் டிரஸ்ட்’ பராமரிக்கிறது. மக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். தன் பொறுப்பில் உள்ள மாளிகைகளுக்கும் காலனி ஆட்சிக்கும், அடிமை வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு என்று 2020இல் அந்த அமைப்பே அறிக்கை வெளியிட்டது. அங்கே பெரிய சர்ச்சை. ஆனாலும் பேசினார்கள்.

நாம என்ன செய்யணும்?

“கொள்ளையடித்தவன் வீட்டை நாம ஏன் காப்பாத்தணும்?” நியாயமான கேள்விதான். ஆனா வீடு போனால் கிளைவுக்கு நஷ்டமில்லை. நமக்குத்தான் சாட்சி போகும். கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தகர்த்துவிட்டார். மிச்சமிருப்பதையும் விட்டால், வெறும் தெருப் பெயர்களை வைத்துத்தான் வரலாறு சொல்லணும்.

சிதம்பரத்தைப் பாருங்க. அதே காலத்துப் போர்களில் நடராஜர் கோயிலும் கோட்டையாக்கப்பட்டது. 1781இல் ஹைதர் அலியின் படை உள்ளே இருக்க, ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் தாக்கிப் பார்த்துத் தோற்றார். கோயில் இன்றும் உயிரோடு இருக்கக் காரணம், தினமும் மக்கள் உள்ளே போய் வருவதுதான். புழங்காத கட்டடம் பெயின்ட் அடித்தாலும் நிற்காது.

அதனால் கார்டன் ஹவுஸின் கதவு மக்களுக்குத் திறக்கணும். கிளைவைப் புகழ அல்ல. கம்பெனிக்குத் துணி நெய்தவர்கள், வீட்டைக் கட்டியவர்கள், பீரங்கிக் குண்டு விழுந்ததால் ஒரே நாளில் ஆள்பவர் மாறிப்போன கிராமங்கள் என்று, கிளேர்மான்ட்டில் கேட்காத பாதிக் கதையைச் சொல்ல. அதைச் சொல்ல மஞ்சக்குப்பத்தை விடப் பொருத்தமான இடம் வேறு எது?