பானெட்டுக்குப் பதிப்புரிமைப் பூட்டு

பதிப்புரிமைச் சட்டம் எழுதுகிறவனைக் காக்க வந்தது என்றே நாம் நம்பி வருகிறோம். அதன் பெயரால் அமெரிக்காவில் காரின் பானெட்டுக்குப் பூட்டுப் போட்ட கதையை இலக்கியம் பேசுகிற நாமும் அறிந்திருக்க வேண்டும்.

இன்றைய காரில் எரிபொருள் எவ்வளவு பாய வேண்டும், தீப்பொறி எக்கணத்தில் எழ வேண்டும் என்பவற்றை முடிவு செய்வது ஒரு சிறு கணினி. அது பழுதுபட்டால், பழைய உதிரிபாகக் கடையில் அதே வகைக் கணினி ஒன்றை வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. பல கார்களில் வண்டியின் அடையாள எண்ணை அதில் பதிய வேண்டும். சாவிக்குள் இருக்கும் சில்லின் சங்கேதமும் அதனோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிடில் இன்ஜின் கிளம்பாது. பொருத்துவதற்குரிய மென்பொருளோ தயாரிப்பாளரின் பிடியில்.

அந்தப் பிடிக்குத் துணை நின்றது 1998-ஆம் ஆண்டுச் சட்டம். படைப்பைக் காக்கும் மின்னணுப் பூட்டை உடைப்பதே குற்றம் என்றது அது. 2015-இல் ஜான் டியர் நிறுவனம் ஒரு படி மேலே போனது: டிராக்டரில் உள்ள மென்பொருள் வாங்கியவருக்குச் சொந்தமன்று, வண்டி உள்ளவரை அதை இயக்கிக்கொள்ளும் உரிமமே அவருக்கு உண்டு என்று வாதிட்டது.

நாம் கேட்கிறோம்: நூல் வாங்கியவன் அட்டை கிழிந்தால் தைத்துக்கொள்கிறான், ஓரத்தில் குறிப்பெழுதுகிறான். எந்த ஆசிரியன் தடுத்தான்? படியெடுத்து விற்றாலன்றோ குற்றம்!

உரிமையாளர் கைவைத்தால் புகை பெருகும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். 2015 ஜூலையில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே அவ்வாறு கூறி விலக்கை எதிர்த்தது. செப்டம்பரில் என்ன வெளிப்பட்டது? சோதனையின்போது மட்டும் புகையை அடக்கிக் காட்டும் நிரலைத் தன் டீசல் கார்களில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனமே பொதிந்து வைத்திருந்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி வண்டிகள்! பூட்டு காத்தது காற்றையா, களவையா?

அவ்வாண்டு அக்டோபரில், பழுதுபார்க்கப் பூட்டை உடைக்கலாம் என விலக்கு அளித்தார்கள். ஆனால் உரிமையாளர் தாமே செய்ய வேண்டுமாம். மெக்கானிக்கின் உதவியைப் பெற 2018 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த விலக்கையும் மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பூட்டுடைக்கும் கருவியைச் செய்து விற்கும் தடையோ நீங்கவில்லை. கதவைத் திறக்கலாம், சாவி செய்யலாகாது என்பது என்ன நீதி?

திருடனைத் தடுக்கும் பூட்டை நாம் எதிர்க்கவில்லை. அதன் சாவி, விலை கொடுத்தவர் கையில் இருக்கட்டும் என்கிறோம்.